பெங்களூர் புறப்பட்ட துப்பாக்கி

செஞ்சிக்குப் போனால் மலை ஏறாமல் திரும்பக் கூடாது என்பார்கள். நானும் ராஜகிரி ஏறினேன். பாதி வழியில் உட்கார்ந்து, வேர்க்கடலை கொறித்து, மூச்சு வாங்கி, மறுபடியும் ஏறினேன். 2025-ம் வருஷம் ஜூலை மாதம் யுனெஸ்கோ ஸ்தாபனம் மராட்டியர் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அங்கீகரித்ததல்லவா? அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் இருப்பவை. பன்னிரண்டாவது நம்முடைய செஞ்சி. ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெருமை இன்னும் தீரவில்லை. கல்யாண மகால், நெற்களஞ்சியம், உச்சியில் கிடக்கும் பீரங்கி என்று எல்லாவற்றையும் ஒருவர் விடாமல் காட்டினார். ஆனால் இந்த வாரம் நான் எழுத வந்தது கோட்டையைப் பற்றியல்ல. மலைக்குக் கீழே, ஊருக்குள், ஒரு வீட்டுக் கூடத்தில் நான் பார்த்த தேக்குமரப் பெட்டியைப் பற்றி.

அந்த வீட்டில் வயதான தம்பதி இருவர். எனக்குத் தெரிந்தவர்களின் உறவு. பிள்ளைக்குப் பெங்களூரில் உத்தியோகம். "நீங்கள் இரண்டு பேரும் அங்கே தனியாக இருந்தது போதும்" என்று அவன் வற்புறுத்தி, ஒரு வழியாக இவர்களும் சம்மதித்து, வீட்டைக் காலி செய்து கொண்டிருந்தார்கள். அம்மிக்கல்லைக் கொண்டு போவதா, வெண்கலப் பானையை யாருக்குக் கொடுப்பது, கொலுப் பெட்டி எந்த மூட்டையோடு போகும் என்று கூடம் முழுவதும் ஒரே சாமான். நடுவில் இந்தப் பெட்டி. அதற்குள்ளே பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்தது ஒற்றைக் குழல் துப்பாக்கி.

"தம்பி, நீங்க பத்திரிகையில எழுதறவர், நாலு விஷயம் தெரிஞ்சவர். நீங்களே சொல்லுங்க. இதை அரிசி மூட்டைக்கு அடியில வெச்சு லாரியில ஏத்திடலாங்கறார் இவர். எனக்கு மனசு ஒப்பலை" என்றார் அந்த அம்மாள்.

பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இதென்ன கள்ளத் துப்பாக்கியா? லைசென்ஸ் இருக்கு. 30 வருஷமா தவறாம புதுப்பிச்சுக்கிட்டு வரேன். என் சொத்து, என் லைசென்ஸ், நான் எங்கே போனாலும் என்கூட வரவேண்டியதுதானே?"

வாசகிகளே, இந்தக் கேள்வி செஞ்சியில் மட்டும் கேட்கப்படுவதல்ல. துப்பாக்கி வைத்திருக்கும் வீடுகள் நம் பக்கத்தில் குறைவுதான். தோட்டம் துரவு உள்ளவர்கள், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள், நகைக் கடை வைத்திருப்பவர்கள், பாங்குக் காவலுக்குப் போகிறவர்கள் ஆகிய இவர்கள் வீட்டில்தான் பெரும்பாலும் இருக்கும். ஆனால் இருக்கிற வீட்டில் லைசென்ஸ் ஆண்பிள்ளை பெயரிலும், பெட்டி கட்டுகிற வேலை பெண்பிள்ளை தலையிலும் அல்லவா இருக்கிறது? ஆகவே சட்டம் என்ன சொல்கிறது என்று அந்த அம்மாளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் பெரியவரிடம், "லைசென்ஸ் புஸ்தகத்தைக் கொஞ்சம் காட்டுங்கள் ஐயா" என்றேன். பீரோவிலிருந்து பத்திரமாக எடுத்து வந்தார். பெயர், விலாசம், துப்பாக்கியின் நம்பர், எத்தனை தோட்டா வாங்கலாம், எதுவரை செல்லுபடியாகும் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அவற்றோடு ஒரு கட்டம். எந்தப் பிரதேசத்துக்குள் இந்த லைசென்ஸ் செல்லும் என்று குறிக்கிற கட்டம். அதில் 'தமிழ்நாடு' என்று எழுதியிருந்தது. 30 வருஷமாக அவர் கையில் இருக்கிற புஸ்தகம். அந்த ஒரு வார்த்தையை அவர் அன்றைக்குத்தான் படித்தார்!

டிரைவிங் லைசென்ஸ் இருக்கிறது. அதைக் கன்னியாகுமரியில் வாங்கினாலும் காஷ்மீர் வரைக்கும் வண்டி ஓட்டலாம். கல்யாணப் பதிவுச் சான்றிதழ் எந்த மாநிலத்துக்குப் போனாலும் கல்யாணம்தான். துப்பாக்கி லைசென்ஸ் அப்படிப்பட்டதல்ல. ஆயுதச் சட்டம் என்னவோ இந்தியா முழுவதற்கும் ஒன்றுதான். 1959-ல் பார்லிமெண்டு நிறைவேற்றி, 1962 அக்டோபர் முதல் தேதி அமலுக்கு வந்த சட்டம். ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் கலெக்டரோ, சென்னையானால் போலீஸ் கமிஷனரோ கொடுக்கிற லைசென்ஸ், அந்தக் கட்டத்தில் எழுதியிருக்கிற எல்லையோடு நின்றுவிடும். சட்டம் ஒன்று, சீட்டு வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் நல்லவர்கள் மாட்டிக் கொள்கிறார்கள்.

செஞ்சிக்காரர்களுக்கு இது புரியாத விஷயமும் அல்ல. திண்டிவனம் வழியாகக் கிழக்கே போனால் புதுச்சேரி. அது தனி யூனியன் பிரதேசம். விழுப்புரம் ஜில்லாவின் வயல்களுக்கு நடுவே அதன் கிராமங்கள் திட்டுத் திட்டாகக் கிடக்கின்றன. ரோட்டில் போகும்போதே எல்லை வருவதும் போவதும் தெரியாது. ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் மாதம் ஒரு தடவை எல்லை தாண்டுகிறார்கள். அங்கே கடையில் பகிரங்கமாக விற்கிற பாட்டிலை வாங்கிக் கொண்டு இந்தப் பக்கம் வந்தால் சோதனைச் சாவடியில் என்ன நடக்கும் என்பது ஊரறிந்த சமாச்சாரம். "பாண்டியிலே ரசீது போட்டு வாங்கினேன் ஸார்" என்றால் விடுவார்களா? பாட்டிலுக்கே அப்படி என்றால் துப்பாக்கிக்குச் சொல்ல வேண்டுமா? மேற்கே போனால் திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர், அப்புறம் கர்நாடக எல்லை. அரிசி மூட்டைக்கு அடியில் இருக்கும் துப்பாக்கி அந்த எல்லையைத் தாண்டிய நிமிஷமே பெரியவருடைய புஸ்தகத்தின் பாதுகாப்பு அதற்கு இல்லாமல் போய்விடும்.

தண்டனை என்ன என்று கேட்பீர்கள். லைசென்ஸின் நிபந்தனையை மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸே இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததாக ஏற்பட்டால், 2019-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு, 2 வருஷம் முதல் 5 வருஷம் வரை சிறை. எல்லை தாண்டிய துப்பாக்கி இந்த இரண்டில் எதில் விழும் என்பது வக்கீல்கள் நின்று வாதாடக்கூடிய அருமையான விஷயம். அவர்கள் நம்முடைய அரிசி மூட்டையை வைத்து வாதாட வேண்டாமே!

சரி, பெங்களூருக்கே குடி போகிறவர் என்ன செய்வது? துப்பாக்கியை விட்டுவிட்டுப் போக வேண்டுமா? அப்படியில்லை. கலெக்டருக்கு மனுப் போட்டு, பிரதேசத்தை விரிவாக்கித் தரும்படி கேட்கலாம். மாநிலத்துக்கு அப்பால் என்றால் காரியம் கலெக்டர் மேஜையோடு பெரும்பாலும் முடிவதில்லை. மேலே போகும், நாளாகும். 'இந்தியா முழுவதும்' என்று வாங்குவது எம்.பி.க்கள், ராணுவத்தார், அகில இந்திய சர்வீஸ் உத்தியோகஸ்தர்கள், துப்பாக்கி சுடும் போட்டிக்காரர்கள் மாதிரியானவர்களுக்குத்தான் சுலபம். மற்றவர்கள் ஏன் வேண்டும் என்று காரணம் காட்ட வேண்டும். அதுவரை துப்பாக்கியை லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ போலீஸ் ஸ்டேஷனிலோ பத்திரமாக ஒப்படைத்துவிட்டு, ரசீதை மட்டும் பெங்களூருக்குக் கொண்டு போகலாம். ரசீதுக்கு எல்லை கிடையாது.

பிரதேசம் விரிந்து கிடைத்த பிறகும் ஒரு கடமை உண்டு. விலாசம் நிரந்தரமாக மாறினாலோ, 30 நாளைக்கு மேல் வேறு ஊரில் துப்பாக்கியோடு தங்கினாலோ, 30 நாளைக்குள் பழைய ஊர் அதிகாரிக்கும் புது ஊர் அதிகாரிக்கும் எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும். உத்தியோக மாற்றல் உள்ள குடும்பங்கள் காஸ் இணைப்பை மாற்றுகிறார்கள், குழந்தைகளுக்குப் பள்ளிக்கூட டி.ஸி. வாங்குகிறார்கள், இதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. பெரியவருடையது தற்காப்புக்கென்று கொடுத்த லைசென்ஸ். காட்டுப் பன்றி வந்து மணிலாக் கொட்டையைத் தோண்டிவிடுகிறது என்று பயிர்க் காவலுக்காக வாங்கிய லைசென்ஸாக இருந்தால் கதை இன்னும் குறுகல். அந்த நிலமும் அதன் அக்கம் பக்கமும்தான் அதற்கு எல்லை. நிலத்தை விற்றுவிட்டுத் துப்பாக்கியை மட்டும் வைத்துக் கொள்ள முடியாது.

அரிசி மூட்டை விஷயத்துக்கு வருகிறேன். பெரியவர் சொன்ன சமாதானம் என்ன தெரியுமா? "வெளியிலே தெரியற மாதிரி தூக்கிட்டுப் போனாத்தானே தப்பு? மறைச்சு வெச்சா யாருக்கு என்ன?" பாதி சரி. 2016-ம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் துப்பாக்கியை எடுத்துப் போகிறவர் அதை உறையில் போட்டு முழுக்க மூடித்தான் எடுத்துப் போக வேண்டும். தோளில் மாட்டிக் கொண்டு கடைவீதியில் உலாவக் கூடாது. ஆக, மூடியிருப்பது குற்றமல்ல, மூடாமலிருப்பதுதான் குற்றம். ஆனால் அதே விதி இன்னொன்றும் சொல்கிறது: துப்பாக்கி எடுத்துப் போகிறவருடைய முழுக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். லாரி முன்னால் போக, பெரியவர் பின்னால் பஸ்ஸில் போனால் அது யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது? லாரி டிரைவரின் கட்டுப்பாட்டில். பாவம், அந்த டிரைவருக்கு மூட்டைக்கு அடியில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. சோதனையில் முதலில் பிடிபடுகிறவர் அவர்தான். அவருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு. இதைச் சொன்னதும்தான் பெரியவர் முகம் மாறிற்று.

நம் பிள்ளைகள் பலர் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே துப்பாக்கி வைத்துக் கொள்வது உரிமை என்பதால் எல்லாம் தாராளம் என்று இங்கே நினைப்பு. தாராளம்தான்; ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் தாராளம் வேறு. சட்டைக்குள்ளோ கைப்பையிலோ மறைத்து எடுத்துப் போவதற்கென்றே அங்கே தனிப் பெர்மிட் உண்டு. பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் இப்போது அந்தப் பெர்மிட்கூட வேண்டியதில்லை. சிலவற்றில் கண்டிப்போ கண்டிப்பு. ஒரு மாநிலத்துப் பெர்மிட்டை அடுத்த மாநிலம் ஒப்புக் கொள்ளலாம், ஒப்புக் கொள்ளாமலும் இருக்கலாம்.

2013-ல் நடந்த ஒரு சம்பவம். பென்சில்வேனியாவில், பிலடெல்பியா நகரத்தில் ஒரு பெண். இரண்டு குழந்தைகளின் தாய். அந்த வருஷத்தில் இரண்டு தடவை வழிப்பறிக்கு ஆளானவள். பயந்து போய்க் கைத்துப்பாக்கி வாங்கினாள். முறைப்படி பெர்மிட்டும் வாங்கினாள். அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் காரை ஓட்டிக் கொண்டு பக்கத்து மாநிலமான நியூஜெர்ஸிக்குப் போனாள். ஆற்றுப் பாலம் ஒன்றைத் தாண்டினால் நியூஜெர்ஸி. போக்குவரத்து விதி ஏதோ மீறினாள் என்று போலீஸ்காரர் நிறுத்தினார். அவளே, யாரும் கேட்காமலே, "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, பெர்மிட்டும் இருக்கிறது" என்று சொன்னாள். நியூஜெர்ஸி பென்சில்வேனியாவின் பெர்மிட்டை ஒப்புக் கொள்வதில்லை. கைது செய்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தாள். குறைந்தபட்சம் 3 வருஷ தண்டனை அவள் தலைக்கு மேல் தொங்கிற்று. நாடு முழுவதும் பேச்சாகி, 2015 ஏப்ரலில் அந்த மாநில கவர்னர் மன்னிப்பு வழங்கிய பிறகுதான் விஷயம் தீர்ந்தது. பொய் சொல்லவில்லை, ஒளிக்கவில்லை, யாரையும் மிரட்டவில்லை. தன் காகிதம் பாலத்துக்கு அந்தப் பக்கம் வெறும் காகிதம் என்று அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அங்கே 1986-ல் வந்த மத்தியச் சட்டம் ஒன்று வழிப்போக்கர்களுக்குக் கொஞ்சம் பாதுகாப்புத் தருகிறது. புறப்படும் இடத்திலும் சேருமிடத்திலும் துப்பாக்கி சட்டப்படியானதாக இருந்தால், தோட்டா நிரப்பாமல், கைக்கு எட்டாமல் காரின் பின்பெட்டியில் பூட்டி வைத்து, இடையிலுள்ள மாநிலத்தைக் கடந்து போகலாம். கடந்து போகலாமே தவிர, அங்கே தங்கி ஊர் சுற்றலாம் என்று அர்த்தமல்ல. பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா போகிற தாய்மார்கள் இன்னொன்றும் தெரிந்து கொள்ளுங்கள். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் அங்கே துப்பாக்கி வைத்திருப்பதே பொதுவாகக் குற்றம். வேட்டை லைசென்ஸ் உள்ளவர்கள் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. "எதிர்த்த வீட்டுக்காரர் வைத்திருக்கிறார், நாமும் ஒன்று வாங்கி வைத்தால் என்ன" என்று பிள்ளை போனில் சொன்னால், விசாவைக் கையில் வைத்துக் கொண்டு பேசச் சொல்லுங்கள்.

நம் ஊருக்குத் திரும்புவோம். செஞ்சி அம்மாள் கேட்ட அடுத்த கேள்வி, அந்தக் கூடத்தில் கேட்கப்பட்டவற்றுள் மிக நல்ல கேள்வி. "அவரோட துப்பாக்கியை நான் எடுத்துக்கிட்டுப் போகலாமா தம்பி? இவருக்கு முட்டி வலி. மூட்டை முடிச்சு எல்லாம் நான்தான் தூக்கறேன்."

லைசென்ஸ் வீட்டுக்கு அல்ல, ஆளுக்கு. புருஷன் பெயரிலுள்ள லைசென்ஸில் பெண்டாட்டிக்குப் பங்கு கிடையாது. ஆனால் சட்டத்தின் 3-வது பிரிவில் ஒரு சிறு வாசல் திறந்து வைத்திருக்கிறார்கள். லைசென்ஸ்காரர் கூடவே இருந்தால், அல்லது அவர் எழுதிக் கொடுத்த கடிதம் கையில் இருந்தால், லைசென்ஸ் இல்லாத ஒருவர் அந்தத் துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். அதுவும் ரிப்பேருக்கோ, லைசென்ஸைப் புதுப்பிப்பதற்கோ, லைசென்ஸ்காரரின் உபயோகத்துக்கோதான். ஆகவே புருஷன் பக்கத்தில் நடந்து வர, மனைவி பையைத் தூக்கினால் பாதகமில்லை. புருஷன் ஊரில் இருக்க, மனைவி மட்டும் அந்தப் பையோடு ரயில் ஏறினால் பெரிய பாதகம். போலீஸார் கேட்டால் லைசென்ஸைக் காட்டியாக வேண்டும். "அவர் அடுத்த வண்டியில் வருகிறார்" என்பது பதிலாகாது.

இதைவிடக் கசப்பான ஒரு விஷயமும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். புருஷன் காலமாகிவிட்டால் அவருடைய லைசென்ஸும் அவரோடு போய்விட்டது. காரியங்கள் நடக்கின்றன, உறவினர் வந்து போகிறார்கள், பீரோவில் துப்பாக்கி அப்படியே கிடக்கிறது. யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. வருஷக்கணக்கில் கிடக்கிறது. சட்டத்தின் பார்வையில், லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பவள் அந்த விதவைத் தாய். தாமதமில்லாமல் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். வாரிசுகள் யாராவது வேண்டுமென்றால் தங்கள் பெயரில் லைசென்ஸுக்கு மனுப் போடலாம். விற்கவும் அனுமதி கேட்கலாம். சாவு வரைக்கும் காத்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. லைசென்ஸ்காரருக்கு 70 வயதானாலோ, துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றக் கேட்க விதியில் இடமிருக்கிறது. செஞ்சிப் பெரியவருக்கு இரண்டு தகுதியும் இருந்தன. பெங்களூர்ப் பிள்ளைதான், "எனக்கு வேண்டவே வேண்டாம்பா" என்று போனில் கத்தினான்.

கோட்டையைப் பற்றி எழுதவில்லை என்று சொன்னேன். ஆனாலும் ஒரு வார்த்தை. செஞ்சியில் ஆயுதம் ஏந்தி எல்லை தாண்டி வந்தவர்களுக்குக் குறைவேயில்லை. 1677-ல் சிவாஜி வந்தார். 1690-ல் மொகலாயப் படை வந்து முற்றுகை போட்டு, 1698 வரை எட்டு வருஷம் மலையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. 1714-ல் ஆற்காட்டு நவாபோடு மோதி இளம் வயதில் தேசிங்கு ராஜன் உயிர் விட்டான். 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர். இவர்களில் ஒருவரும் யாரிடமும் லைசென்ஸ் கேட்டதாகத் தெரியவில்லை! ஆங்கிலேயர் காலூன்றிய பிறகுதான் கேட்கும் வழக்கம் வந்தது. 1801-ல் பாளையக்காரர்களை அடக்கியதும், தென்பாண்டிச் சீமையில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று பிரகடனம் போட்டார்கள். 1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் நாடு முழுவதற்கும் ஆயுதச் சட்டம். வெள்ளைக்காரர்களுக்கு விலக்கு, நமக்கு லைசென்ஸ். சுதந்திரம் வந்து, அந்தப் பழைய சட்டத்தைக் கழற்றிப் போட்டுத்தான் 1959-ல் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று செய்தார்கள். அதில்கூடச் சில விலக்குகள் உண்டு. குடகு நாட்டுக் கொடவர்களுக்கு லைசென்ஸ் வேண்டாம். 2019-ல் அந்தச் சலுகையை 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். உபயோகத்துக்கே ஆகாத, பழங்காலத்து ஆயுதங்களுக்கும் வேண்டாம். ஆகையால் ராஜகிரி உச்சியிலுள்ள பீரங்கிக்கு யாரும் கலெக்டர் ஆபீசுக்கு நடக்க வேண்டியதில்லை.

அப்படியானால் சமையலறைச் சாமான்? இந்தச் சந்தேகமும் எழுந்தது. அருவாமணை, தேங்காய் வெட்டும் அரிவாள், காய்கறிக் கத்தி எல்லாம் மூட்டையில் இருந்தனவே! வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று செய்த பொருளை ஆயுதம் என்ற வார்த்தைக்குள்ளேயே சட்டம் சேர்க்கவில்லை. தடியும் கைத்தடியும்கூட அதில் அடக்கம். சீர் வரிசையோடு அருவாமணை எந்த மாநிலத்துக்கும் போகலாம். ஆனால் அலங்காரத்துக்கென்று கூடத்தில் மாட்டும் வாள், பித்தானை அழுத்தினால் பாயும் கத்தி, இவை வேறு ஜாதி. இவற்றுக்கு எந்த ஊரில் கட்டுப்பாடு என்பதை அரசாங்கம் பிரதேசம் பிரதேசமாக அறிவிக்கலாம். டெல்லியில் 1980-ல் வந்த ஓர் அறிவிக்கையினால், 7.62 சென்டிமீட்டர் நீளப் பித்தான் கத்தியோடு பிடிபட்டாலே வழக்கு. சுற்றுலா போன இடத்தில் அழகாயிருக்கிறதென்று பிள்ளைகள் வாங்குகிற சாமான்களைப் பெற்றவர்கள் ஒரு கண் பார்ப்பது நல்லது.

கொண்டு போகவே கூடாத இடங்களும் உண்டு. பிரதேசக் கட்டம் சரியாக இருந்தாலும், விசேஷ அனுமதி இல்லாமல் திருவிழா, ஊர்வலம், பொதுக்கூட்டம், பள்ளிக்கூடம், கல்லூரி ஆகிய இடங்களுக்குத் துப்பாக்கியோடு போகக் கூடாது. மேல்மலையனூர் அங்காளம்மன் சந்நிதியில் அமாவாசை ஊஞ்சல் உற்சவத்துக்கு ஜனசமுத்திரமாகக் கூடுகிறார்களே, அங்கே உறையில் வைத்துக்கொண்டும் போகக் கூடாது. கல்யாண வீட்டில் குஷியாக வானத்தைப் பார்த்துச் சுடும் வழக்கம் வடக்கே இருக்கிறது. அங்கே சம்பந்தம் செய்கிறவர்கள் கவனிக்கவும்: 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு 2 வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே திருத்தம் ஒருவர் வைத்திருக்கக் கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது; லைசென்ஸின் ஆயுளை மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாகக் கூட்டியது. தேர்தல் வந்தால் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரலாம். அந்தச் சமயத்தில் வெளியூர்ப் பிரயாணத்துக்கு எடுத்துப் போகும் யோசனையே வேண்டாம்.

கடைசியாக விமானம். இது துப்பாக்கி இல்லாத வீட்டாருக்கும் வரக்கூடிய வினை. துப்பாக்கியை விமானத்தில் கொண்டு போகிறவர்கள் கவுண்டரிலேயே சொல்லி, லைசென்ஸைக் காட்டி, தோட்டாவை எடுத்துவிட்டு, சரக்கோடு போகும் பெட்டியில்தான் அனுப்ப வேண்டும். உட்காரும் இடத்துக்குக் கொண்டு போக முடியாது. இது தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாமல் மாட்டுகிறவர்கள் யார் என்றால், கைப்பையின் மூலையில் ஒற்றைத் தோட்டா கிடப்பது தெரியாமல் வருகிறவர்கள். நம் நாட்டு விமான நிலையங்களில் இப்படிப் பிடிபட்டவர்கள் அநேகம் பேர். மாமனார் எப்போதோ உபயோகித்த பை, அண்ணனிடமிருந்து இரவல் வாங்கிய பெட்டி, பட்டாளத்து மாமா கொடுத்த பழைய தோள்பை. எக்ஸ்-ரே கண்ணுக்கு அது யாருடைய பை என்ற பேதமில்லை. தோட்டா ஒன்றானாலும் லைசென்ஸ் வேண்டும். விமானம் போய்விடும், நீங்கள் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பீர்கள்.

தெரிந்து வைத்திருந்தால்தான் வைத்திருந்ததாக அர்த்தம் என்று 1972-லேயே சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை ஆதாரமாகக் கொண்டு, ஒற்றைத் தோட்டா வழக்குகள் பலவற்றை ஐகோர்ட்டுகள் தள்ளுபடி செய்திருக்கின்றன. வாஸ்தவம். ஆனால் ஐகோர்ட்டு வரை போய், வக்கீல் வைத்து, "எனக்குத் தெரியாது" என்பதை நிரூபித்துவிட்டு வருவதற்குள் எத்தனை அலைச்சல், எத்தனை செலவு! புறப்படுவதற்கு முதல் நாள் இரவு பையின் எல்லா ஜிப்பையும் திறந்து, தலைகீழாகப் பிடித்து, கட்டில் மேல் ஒரு உதறு உதறுங்கள். ஹேர்பின், சில்லறை, கோயில் குங்குமம், பழைய பஸ் டிக்கெட் எல்லாம் விழும். அவற்றோடு பித்தளை நிறத்தில் வேறு ஏதாவது விழுந்தால் குப்பைக் கூடையில் எறிந்துவிடாதீர்கள். குழந்தைகள் கையில் அகப்படும். லைசென்ஸ் உள்ளவர் வீட்டில் இருந்தால் அவரிடம் கொடுங்கள். இல்லையென்றால் வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக் கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், எப்படிக் கிடைத்தது என்று எழுதிக் கொடுத்து ஒப்படைத்துவிட்டு, கையெழுத்துப் போட்ட ரசீதைக் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள்.